ஈரக்கைச் சகோதரிகளின் காவல்தாய்

உங்கள் வீட்டுச் சுவரில் வாளேந்திய ஒரு பெண்ணின் படத்தை மாட்டி, போகும்போதும் வரும்போதும் கும்பிடுகிறீர்களே, அவள் வாயைத் திறந்து சொன்ன ஒரு வார்த்தையையாவது கேட்டிருக்கிறீர்களா?

அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. வலது முழங்கால் மடங்காது. கீழ்த்தளத்தில் சலவைக்கூடத்துக்கு அடுத்த அறையில் குடியிருந்தாள். அவள் வாளைத் தொட்டதே இல்லை. இடுப்பில் எப்போதும் ஒரு குறடு தொங்கும். அதனால் அக்கம்பக்கத்தில் அவள் பெயர் குறடக்கா.

நம் ஊர்க் கூரைக்கு வெளியே மூச்சுவிடக் காற்றில்லை. குழாயில் வருவதுதான் காற்று. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், கூலி உயர்வு கேட்ட கீழ்த்தளத்துக்கு அன்றைய நிர்வாகம் காற்றைக் குறைத்தது. குழாய் பழுதுபார்க்கும் பெண்கள் பதினொரு பேர் வால்வு அறையைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தொன்பது நாள் விடவில்லை. காவலர்கள் கதவை உடைத்தபோது முன்னால் நின்றவள் குறடக்கா. அவர்களில் இருவருக்குத் தோளெலும்பு முறிந்தது. இவளுக்கு முழங்கால் போனது. எந்தத் தெய்வமும் இறங்கி வரவில்லை. பெண்கள் முறைவைத்துத் தூங்கினார்கள், முறைவைத்து அடித்தார்கள். அவ்வளவுதான் அற்புதம்.

நிர்வாகம் தோற்று ஓடிய பிறகு அந்தப் பதினொரு பேரும் வாரந்தோறும் வீடுவீடாகப் போய்க் குழாய் இணைப்புகளைச் சோதித்தார்கள். அளவுமானிகளை எல்லாம் பழைய நிர்வாகம் நொறுக்கிவிட்டுப் போயிருந்ததால் குறடக்கா ஒரு வழி சொன்னாள். உள்ளங்கையை நனைத்து இணைப்பின்மேல் வை. கசிவு இருந்தால் சில்லென்று இருக்கும். இதற்குப் படிப்பும் வேண்டாம், பக்தியும் வேண்டாம்.

ஆனால் நன்றி சொல்ல வந்த சனங்கள் அந்த ஈரக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதை ரசித்தவள் தங்கை. தாய் தகப்பன் போனபின் குறடக்கா தலைவாரிவிட்டு வளர்த்தவள், பதினொருவரில் இளையவள். குழு சபையானது, தங்கை அதன் தலைவி 'பெரியம்மா' ஆனாள், குறடக்கா படத்தில் வாளேந்திய 'காவல்தாய்' ஆனாள். வேலைச்சட்டை அங்கியானது. ஈரக்கை புனிதமானதும், புனிதமான கையில் அழுக்குப் படலாமா என்று யாரோ கேட்டார்கள். வெள்ளை ரப்பர் உறை வந்தது. சகோதரிகள் உறையை நனைத்தார்கள், இணைப்பைத் தொட்டார்கள், அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ரப்பருக்கு என்ன சில்லிடும்?

குறடக்கா ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். முழங்கால் போனவளுக்குப் பழுதுக்கூடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. வீடுகளுக்குப் போவதில்லை. படத்தையும் அங்கியையும் பார்த்துச் சிரித்தாளே தவிர, "வேலையைத் தங்கச்சி பாத்துக்குவா" என்று நம்பியிருந்தாள்.

போன மாதம் பக்கத்து அறைச் சலவைக்காரி கைக்குழந்தையோடு வந்தாள்.

"அக்கா, பிள்ள பால் குடிக்கமாட்டேங்குது. எந்நேரமும் தூக்கம். எனக்கும் தல வெடிக்குது."

"சபையிலருந்து வந்தாங்களா?"

"நேத்துதான் வந்தாங்க. தொட்டுட்டு, எல்லாம் நலம்னுட்டுப் போனாங்க."

"பிள்ளய ஒரு வார்த்த கேட்டாங்களா, நலமான்னு?"

"சொந்தத் தங்கச்சி கூட்டத்தயே கிண்டல் பண்றீங்க பாருங்க!"

குறடக்கா அவள் அறைக்குப் போய்க் கட்டிலை நகர்த்தி, உள்ளங்கையில் எச்சிலைத் துப்பி, இணைப்பின்மேல் வைத்தாள். பனிக்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. அறைக்கு வரவேண்டிய காற்று சுவருக்குப் பின்னால் வீணாகிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே, அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான வாஷர்கள் கைபட்டதும் உதிர்ந்தன. வரிசை முழுவதும் மாற்ற வேண்டும். அதற்குத் தலைக்குழாயை நிறுத்த வேண்டும். நிறுத்தும் அதிகாரம் சபைக்குத்தான். சலவைக்காரியையும் பிள்ளையையும் காற்று நன்றாக வரும் சலவைக்கூடத்தில் படுக்கச் சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினாள்.

தங்கையின் அறையில் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு குறடு மின்னியது.

"இது என்னுது இல்லயே?"

"யாருக்குக்கா தெரியப்போகுது? உக்காரு."

"எனக்கு நீ தங்கச்சி, ஊருக்குப் பெரியம்மாவா? அப்ப நான் யாருடி, கொள்ளுப்பாட்டியா?"

தங்கை சிரித்தாள். அதே பழைய சிரிப்பு. குறடக்காவுக்கு நெஞ்சு இளகியது. நடந்ததைச் சொன்னாள். "நாளைக்கே எல்லாரயும் உறையக் கழட்டச் சொல்லு. வாஷர மாத்தணும்."

"மாத்தலாம். மெதுவா."

"அந்தப் பிள்ளைய மெதுவா மூச்சு விடச் சொல்லவா?"

"உறையக் கழட்டினா, இத்தன வருசமா நாம தொட்டதெல்லாம் பொய்னு ஆயிடும்க்கா. அப்புறம் சபை நிக்குமா?"

 குறடக்காவின் கண் சன்னலோரத்து இணைப்பின்மேல் இருந்தது. புத்தம்புது வாஷர். கறுப்பாக, பளபளவென்று.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"நாலு வருசமா."

"உன் அறைக்கு மட்டும் மாத்திக்கிட்ட."

தங்கை தலைகுனிந்தாள். எதிரி உடைத்த முழங்கால் இருபத்தாறு ஆண்டுகளில் ஒருநாளும் இப்படி வலித்ததில்லை. "நான் வீடுவீடாப் போய்ச் சொல்றேன்" என்று எழுந்தாள் குறடக்கா. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே மணியை அடித்தாள். இரண்டு இளம் சகோதரிகள் வந்து, காலைத் தொட்டு வணங்கிவிட்டு, வெள்ளை உறை போட்ட கைகளால் அவளை இருபுறமும் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் அறிவிப்பு வந்தது: காவல்தாய் மௌனவிரதம் பூண்டுவிட்டாராம். இணைப்பருகே பேசாதே என்று அவள் விதி போட்டது உண்மைதான். கசிவின் சீறல் காதில் விழவேண்டுமே என்று போட்ட விதி அது. அதையே எடுத்து அவள் வாயில் துணியாகத் திணித்துவிட்டார்கள்.

இப்போது தினமும் காலையில் கண்ணாடி மாடத்தில் அவளை நிறுத்துகிறார்கள். சத்தம் வெளியே வராது. அவள் வெறுங்கையை விரித்துக் கண்ணாடியில் அறைகிறாள், உள்ளங்கையை நக்கிக் காட்டுகிறாள், மறுபடியும் அறைகிறாள். கீழே நிற்கும் கூட்டம் ஆசி கிடைத்துவிட்டதென்று விழுந்து கும்பிடுகிறது. அந்தக் கூட்டத்தில் கும்பிடாமல் நின்ற ஒரே ஆள் சலவைக்காரி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அக்கா கூப்பிடுறாங்கய்யா, பேச விடுங்கய்யா!" என்று கத்தினாள். பக்கத்திலிருந்தவர்கள் அவளைத்தான் அதட்டினார்கள்.

கீழ்த்தளத்து வரிசைகளில் இன்னும் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நாளை காலை மாடத்தின்கீழ் வாருங்கள். கும்பிட வேண்டாம். சலவைக்காரியோடு சேர்ந்து மேலே போய் மாடத்தின் கதவைத் தட்டுங்கள்; அவள் வெளியே வந்து பேசும்வரை தட்டுங்கள்.