முதல் கைகுலுக்கல் யாருக்கு?

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் உலகக் கால்பந்தை நிர்வாகம் செய்யும் பெரிய மனிதர்களை ஒரு பிடி பிடித்திருந்தேன். ஒரு பந்து, இரண்டு கோல் போஸ்ட்... இதற்கு எதற்கு இத்தனை கமிட்டி, சப்-கமிட்டி, விருந்து, விமானப் பயணம் என்று கேட்டிருந்தேன். எழுதிவிட்டு நான் மறந்துவிட்டேன். நீங்களும் மறந்திருப்பீர்கள். மதுரைக்குப் பக்கத்துப் பரவைக்காரர்கள் மறக்கவில்லை!

ஒரு நாள் காலையில் சோணைமுத்து வீடு தேடி வந்தார். பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். அந்த ஊர்க் கால்பந்துக் கிளப்புக்குச் செயலாளரும் அவர்தான்.

"அண்ணே, உலகத்துக்கே யோசனை சொல்றீங்க. எங்க டோர்னமென்ட்டுக்கு இந்தத் தடவை நீங்கதான் தலைவர். மாட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

மாட்டேன் என்று சொல்கிற ஆளா நான்? தலைவர் என்ற சொல் காதில் விழுந்ததுமே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுவிட்டேன்.

போன ஞாயிறு இறுதி ஆட்டம். பரவைக்கும் எழுமலைக்கும். நான் மதியமே ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். மேடையில் மேட்ச் பந்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர், கோப்பையை நன்கொடையாகக் கொடுத்த பாத்திரக் கடை அதிபர். கோப்பையும் கிட்டத்தட்ட குத்துவிளக்கு போலத்தான் இருந்தது.

மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் என்னைத் தயங்கித் தயங்கிக் கும்பிட்டார். எழுமலை கேப்டன் முத்தையாவின் அப்பா, பெரியகருப்பன்.

"ஐயா, அந்தா சேர்ல உக்காந்திருக்காரே, அவரு மதுரை மில்லு டீம் ஆளு. எம் பயலோட ஆட்டத்தப் பாக்கத்தான் வந்திருக்காரு. புடிச்சிருந்தா டீம்ல சேத்து, மில்லுல வேலையும் போட்டுக் குடுப்பாகளாம். இருட்டுறதுக்குள்ள கெளம்பிருவாராம். கொஞ்சம் வெரசா ஆரம்பிச்சுருங்க."

இரண்டு வருஷமாக மழை இல்லை, கிணறும் வற்றிவிட்டது, வீட்டுக்கு இனி அந்தப் பையன்தான் என்றார். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. "கவலைப்படாதீங்க, நாலரைக்கு விசில்" என்று தலைவருக்குரிய தோரணையில் வாக்குக் கொடுத்தேன்.

அப்போதுதான் சோணைமுத்து ஓடி வந்தார். "அண்ணே, சின்னச் சிக்கல்."

ஆட்டம் தொடங்குமுன் சிறப்பு விருந்தினர் வீரர்களிடம் கை குலுக்க வேண்டும் அல்லவா? எந்த ஊர் கேப்டனிடம் முதலில்?

சிரிக்காதீர்கள். நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் முதல் மரியாதை யாருக்கு என்று கோர்ட் வரை போன கதைகள் உங்களுக்குத் தெரியாதா? அதே பெரியவர்கள்தான் இங்கேயும் வந்திருந்தார்கள். விளையாடுகிற பையன்களுக்கு இதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. விளையாடாதவர்களுக்குத்தான் ரோஷம்.

"மண்ணு எங்க மண்ணு. மொத மரியாத எங்களுக்குத்தான்" என்றார் பரவைப் பெரியவர்.

"வீட்டுக்கு வந்தவனுக்கு மொத எல போடாத ஊரா இது?" என்றார் எழுமலைப் பெரியவர்.

கூட்டத்தின் முன் சண்டை வேண்டாம் என்று எல்லோரையும் கிளப் ரூமுக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். ரெஃப்ரியும் விசிலோடு உள்ளே வந்துவிட்டார். நியாயம் பேசுகிற இடத்தில் ரெஃப்ரி இல்லாமலா?

இரண்டு கேப்டன்களையும் அருகருகே நிறுத்தி, ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் குலுக்கிவிடலாம் என்றேன். எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

"அப்ப இடது கை யாருக்கு?" என்றார் எழுமலைப் பெரியவர்.

காசு சுண்டிப் பார்க்கலாமே?

"மரியாதையக் காசு சுண்டியா பாக்குறது?" என்றார் பரவைப் பெரியவர்.

சரி, கைகுலுக்கலே வேண்டாம் என்றேன். "எங்களுக்கு மரியாதையே கெடையாதுங்கிறீகளா?" என்று இரண்டு பேரும் சேர்ந்து என் மேல் பாய்ந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு ஊரும் ஒற்றுமையாக இருந்தன.

அந்தச் சமயத்தில் எனக்கு உலகக் கால்பந்துப் பெரிய மனிதர்கள் மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. இரண்டே ஊருக்கு இந்தப் பாடு... அவர்களுக்கு எத்தனை நாடு, எத்தனை கொடி, எத்தனை தேசிய கீதம்! பாவம், எத்தனை கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்களோ!

வெளியே அவ்வப்போது பெரிய கூச்சல் எழுந்தது. "ஜனங்க பொறுமை இழந்துட்டாங்க, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க" என்றேன். கூச்சல் ஏறிக்கொண்டே போனது. ஜன்னல் வழியாக வந்த வெயில் மங்கிக்கொண்டே போனது. எனக்குப் பெரியகருப்பன் முகமே கண்முன் நின்றது.

கடைசியில் பாத்திரக் கடை அதிபர் கோபத்தோடு எழுந்தார். "கை குலுக்குனாத்தான இம்புட்டு ரோதனை? நான் நடுவுல நின்னு எல்லாத்தையும் பாத்துப் பொதுவா ஒரு கும்பிடு போடுறேன். போதுமா?"

இரண்டு பெரியவர்களும் துண்டை உதறி எழுந்துவிட்டார்கள். போதும்தான்! நம் ஊர் வணக்கத்துக்கு முதலும் கிடையாது, இரண்டாவதும் கிடையாது. இது என் மண்டையில் உதிக்காமல் ஒரு சாயங்காலமே போயிருக்கிறது.

கதவைத் திறந்து வெற்றிப் பெருமிதத்தோடு வெளியே வந்தோம். மேற்கே வானம் சிவந்து, அதுவும் கறுத்துக்கொண்டிருந்தது. மில் டீம்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி.

ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே! மாலை போட்ட பந்து மேடையிலேயே இருந்தது. அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

பெரியகருப்பன் என்னை நோக்கி வந்தார். என்ன சொல்லிச் சமாளிப்பது? மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவரோ வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"ஐயா, திங்கக்கெழம மில்லுக்கு வரச் சொல்லிட்டாரு!"

"எப்படிங்க? ஆட்டமே நடக்கலையே?"

"நடக்கலையா? நீங்க கதவச் சாத்துனதும் எம் பயலும் பரவைக் கேப்டனும், 'வா மாப்ள, சும்மா நிக்கிறதுக்குக் கொஞ்சம் ஆடுவோம்'னு பழைய பந்த எடுத்துப் போட்டாய்ங்க. ரெண்டு ஊர்ப் பயகளும் கலந்து கட்டி ஆடுனாய்ங்க. என்னா ஆட்டம்! ஒரு அடிதடி இல்ல, ஒரு சண்ட இல்ல. மில்லுக்காரரு எந்திரிச்சு நின்னுல்ல பாத்தாரு! ரெண்டு கேப்டனையுமே எடுத்துக்கிட்டாரு."

ஜனங்கள் பொறுமை இழந்து கத்தியதாக நாங்கள் நினைத்ததெல்லாம் கோல் விழுந்தபோது எழுந்த கூச்சல்! மைதானத்தில் பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் புழுதியாக உட்கார்ந்திருந்தார்கள். யார் ஜெயித்தது என்று கேட்டேன். கலந்து ஆடியதால் அவர்களுக்கே தெரியவில்லை.

பெரியகருப்பன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. கிண்டல் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர்.

"நீங்க பெரியவுக எல்லாரும் அம்புட்டு நேரம் உள்ளயே இருந்தது பெரிய புண்ணியமாப் போச்சுய்யா" என்றார்.

ஒரு நிர்வாகிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உலகத்தில் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்!