வெள்ளைத் துணி கட்டிய ஓடை

வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டு, கேஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். என் மகளுக்கு இது பழகிவிட்டது. "நீ திரும்பி வர்ற வரைக்கும் பஸ்ஸு நிக்காதும்மா" என்று மட்டும் சொல்வாள். அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினோம்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு பனியன் கம்பெனிக்கு வந்தவள் நான். செக்கிங் டேபிளில் நிற்கிறேன். டியூப் லைட்டுக்குக் கீழே துணியை விரித்து, ஊசி ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே என்று பார்த்து, அந்த இடத்தில் சின்னதாக ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. கெட்டது எங்கே இருக்கிறது என்று தேடியே கண் பழகிப்போனது. அந்தப் பழக்கம் டேபிளோடு நிற்பதில்லை, ராத்திரி வீடு வரைக்கும் கூடவே வருகிறது.

மகள் பட்டம் வாங்கியவள். எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை. அவள்தான் போனில் காட்டினாள். ராமநாதபுரத்துப் பக்கம் கடலோரத்தில் ஓர் ஊர். ஊர்க்காரர்களே சேர்ந்து சங்கம் வைத்து, வருகிறவர்களை அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். அதில் கிடைப்பதை வைத்துக் காட்டையும் பறவைகளையும் காப்பாற்றுகிறார்கள். வலையில் ஆமையோ கடல்பசுவோ மாட்டினால் வலையை அறுத்துக் கடலில் விட்டுவிடுகிறார்கள். "நான் தனியாப் போயிட்டு வந்தர்றேன்" என்றாள். தனியாக என்ற அந்த ஒரு சொல் எனக்குப் போதும். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"தண்ணியப் பாக்க அத்தன தூரமா? நொய்யல் ஆத்துக்குப் போங்க, சாயத் தண்ணி கலர் கலராப் பாக்கலாம்" என்றார் அவள் அப்பா, இட்லியைப் பிட்டுக்கொண்டே.

விடிந்து கொஞ்ச நேரத்தில் அந்த ஊரில் இறங்கினோம். கரையில் ஓலைக் கொட்டகை. சுவரில் ஆமையும் கடல்பசுவும் வரைந்திருந்தார்கள். கடல்பசுவுக்கு மனுஷிக் கண் வைத்துவிட்டார்கள் போலிருந்தது. நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என்னையே பார்த்தது. படகு தள்ளும் பெண் வந்து எங்கள் இருவருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார். என் வயதுதான் இருக்கும். நான் அவரை அக்கா என்றேன், அவரும் என்னை அக்கா என்றார். யார் மூத்தவர் என்று கடைசி வரை தீரவில்லை.

மகள் தனிப் படகு கேட்டாள். பிளாஸ்டிக்கில் செய்த ஒற்றை ஆள் படகு, துடுப்பு கையில். கரையோரத்தில் அரைமணி நேரம் பழக்கினார்கள். அவள் வாத்து மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் போகிற பக்கமெல்லாம் நான் கரையில் கூடவே நடந்தேன்.

"இடுப்பளவு தண்ணிதேங்க்கா, பயப்படாதீக" என்ற படகுக்கார அக்கா, மகளைப் பார்த்து மூன்றே விஷயம் சொன்னார். "தாயி, மரத்துல வெள்ளத் துணி கட்டியிருக்கும். அந்த வழியில மட்டும் வா. துணி இல்லாத ஓடைக்குள்ள போகாத. ரெண்டாவது, உள்ள சத்தம் போடக் கூடாது. இப்ப கூட்டுல குஞ்சு இருக்கு. ஆளு கத்துனா தாய்ப்பறவை எந்திரிச்சிரும், மேல பருந்து காத்துக்கிட்டே இருக்கு. ஏதும்னா துடுப்பால படகுல மூணு தட்டு தட்டு, நான் வந்துருவேன். மூணாவது, தண்ணி வத்துறதுக்குள்ள வெளிய வந்துறணும். வத்திருச்சுன்னா வெறும் சேறு. எறங்குனா ஆள இழுத்துரும்."

நான் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தேன். பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி, கட்டிங்கில் கழித்த விளிம்பு. இஞ்சின் துடைக்க மூட்டை மூட்டையாக எங்கள் ஊரிலிருந்துதான் எல்லாத் துறைமுகத்துக்கும் போகிறது.

"இது எங்கூருத் துணிங்கக்கா" என்றேன்.

"அப்ப உங்கூருக்குள்ளதான் போறீக. பயமென்ன?" என்று சிரித்தார்.

நீளமான மரப்படகு எங்களுடையது. அக்கா முன்னால் நின்று கம்பை ஊன்றித் தள்ள, நான் பின்னால் உட்கார்ந்தேன். மகள் எங்களுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில்.

காட்டுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது. அந்த அமைதியை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த அமைதி, கரண்ட் போய் நூறு மிஷின் ஒரே நொடியில் நிற்கும்போது வருவது. அப்போது எல்லோரும் ஒரு கணம் தலையைத் தூக்குவோம். ஆனால் கரண்ட் திரும்ப வந்துவிடும். இங்கே எதுவும் திரும்ப வரவில்லை. இரண்டு பக்கமும் மரங்கள் வேர்களை மடக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றன. சேற்றிலிருந்து விரல் விரலாக ஆயிரக்கணக்கில் வேர் நீட்டிக்கொண்டிருந்தது. "அதுலதான் மரம் மூச்சு விடுது" என்று மெல்லச் சொன்னார் அக்கா. அதற்குப் பிறகு எனக்கு அந்த மூச்சு கேட்கிற மாதிரியே இருந்தது.

ஒரு வளைவில் திரும்பினோம். மகள் மறைந்தாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், படகு ஆடியது.

"உக்காருங்கக்கா. துணி இருக்குல்ல, வந்துரும் புள்ள."

அப்போதுதான் இடது பக்கம் ஒரு சின்ன ஓடைக்குள் ஏதோ வெள்ளையாகத் தொங்குவதை அக்கா பார்த்தார். துணி இல்லாத ஓடை அது. கம்பை ஊன்றிப் படகைத் திருப்பினார். உள்ளே, கிளைகளுக்கு நடுவே, அறுந்து வந்த நைலான் வலை சிக்கியிருந்தது. அதில் ஒரு கொக்கு தலைகீழாகத் தொங்கியது. செத்து நாளாகியிருக்க வேண்டும். இறகு மட்டும் உயிரோடு இருப்பது போல அசைந்தது. காற்றே இல்லை என்று சொன்னேனே. "இத இப்பயே எடுக்கலைன்னா இன்னும் நாலு மாட்டும்" என்று அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு வலையை அறுக்க இன்னும் உள்ளே தள்ளினார்.

எனக்கு ஒரே எண்ணம்தான். இந்த அக்காவுக்கு இப்போது ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த வழியாக வெளியே போவேன்? எல்லா மரமும் ஒரே மரம். என் பையில் ரிப் துணித் துண்டுகள் இருந்தன. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் பையில் அது இல்லை? தலை கட்ட, டிபன் பாக்ஸ் கட்ட, கை துடைக்க. ஓடை வாயிலேயே ஒரு துண்டை எடுத்துக் கிளையில் முடிந்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அக்கா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பின்னால் கட்டிக்கொண்டே போனேன். ஏழு துண்டு. அதோடு தீர்ந்துவிட்டது.

நாள் முழுக்க அடுத்த ஆள் பார்ப்பதற்காகவே அம்பு ஒட்டுகிறவள் நான். பின்னால் வருகிற ஒருத்தி இதையும் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில் அவளை மறந்தேன். அவ்வளவுதான் உண்மை.

வலையைச் சுருட்டிப் படகில் போட்டார் அக்கா. கொக்கை எடுத்துத் தண்ணீரில் விட்டார். ஓடை வளைந்து வேறொரு வாய் வழியாக மறுபடி பெரிய வழியில் சேர்ந்தது. அதன் முடிவில் மரத்தால் கட்டிய மேடை. எல்லோரும் அங்கே கூடித்தான் திரும்புவார்களாம்.

மேடையில் யாரும் இல்லை.

"நமக்கு முந்தி வந்திருக்கணுமே" என்றார் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு மரத்தடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேரில் ஈரக்கோடு ஒரு சாண் மேலே இருந்தது, தண்ணீர் கீழே. வற்ற ஆரம்பித்துவிட்டது. போனில் டவர் ஒரு கோடு கூட இல்லை.

வந்த வழியே திரும்பினோம். பாதி தூரத்தில் அது கேட்டது.

டொக். டொக். டொக்.

"புள்ளதேன்" என்றார் அக்கா. "வலப்பக்கம்."

"இல்லீங்கக்கா, எடப்பக்கமுங்க."

மறுபடி மூன்று தட்டு. இந்தத் தடவை எங்களுக்குப் பின்னால். அக்கா கம்பை நிறுத்திவிட்டுக் காதைச் சாய்த்தார். "தண்ணிக்கு மேல சத்தம் இப்பிடித்தான் ஏமாத்தும்" என்றார். ஆனால் அவர் நெற்றியும் வேர்த்திருந்தது. அவர் வலப்பக்கம் பார்க்க, நான் இடப்பக்கம் பார்த்தேன். இரண்டு மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி. அதையே பார்த்தேன். கண்ணைச் சிமிட்டாமல், துணியில் ஓட்டை பார்ப்பது போல, மேலிருந்து கீழே, வரிசை வரிசையாகப் பார்த்தேன். வேர், நிழல், சேறு. வேறொன்றும் இல்லை. திரும்பிக்கொண்டேன்.

அதோடு தட்டுவது நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று தெரியாது. நண்டுகள் வெளியே வந்து சேற்றில் ஊர்ந்தன. தட்டும் சத்தம் கேட்டபோது இருந்த பயம் ஒன்றுமே இல்லை. அது கேட்காமல் போனதும் வந்ததுதான் பயம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா" என்றேன். "அந்த ஓடைக்குள்ளாற நான் துணி கட்டுனனுங்க."

"என்ன துணி?"

"இதே துணிங்க. வெள்ள."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேகமாக ஓடை வாய்க்குத் தள்ளினார். அங்கே என் துண்டு கிளையில் அசையாமல் தொங்கியது, அவர்கள் கட்டியது போலவே. தப்பு எது சரி எது என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. ஓடையில் எங்கள் படகு போகத் தண்ணீர் இல்லை. அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு பலகையைச் சேற்றில் போட்டு, அதன்மேல் நெஞ்சைச் சாய்த்துக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "எறங்கிறாதீக. கத்திறாதீக" என்றார். இரண்டு திருப்பத்தில் அவரும் மறைந்தார்.

நான் தனியாகப் படகில் இருந்தேன். தண்ணீர் படகுக்கு அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டு போவது கேட்டது. மேலே மரத்தில் குஞ்சுகள் கிரீச் கிரீச் என்று மெல்லப் பேசின. அதற்கும் மேலே பருந்துகள், அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டு. ஒன்று, இரண்டு என்று எத்தனை வரைக்கும் எண்ணினேனோ தெரியாது. ஒரு கட்டத்தில் என் மகள் பேரைச் சொல்லிக் கத்தினேன். ஒரு தடவை இல்லை, தொண்டை அடைக்கும் வரை.

காடே எழுந்தது. வெள்ளையாக, ஒரு பெரிய துணிச் சுருளைப் பிரித்து உதறுவது போல, நூற்றுக்கணக்கில் பறவைகள் மேலே போயின. வானம் மறைந்தது. பருந்துகள் இறங்கின. என் தலைக்கு மேலிருந்த கூட்டிலிருந்து ஒரு பருந்து ஒரு குஞ்சை எடுத்துக்கொண்டு போனது. நான் கத்துவதை நிறுத்திய பிறகும் அந்தக் குஞ்சின் கத்தல் கொஞ்ச தூரம் கேட்டது.

பிறகு ஓடைக்குள்ளிருந்து மூன்று தட்டு. பக்கத்தில், தெளிவாக.

அக்கா பலகையில் படுத்தபடி, ஒரு கையால் பிளாஸ்டிக் படகை இழுத்துக்கொண்டு வந்தார். தலைமுடி வரை சேறு. படகில் என் மகள், ஆரஞ்சுச் சட்டையோடு, முழுசாக. ஏழாவது துணியோடு வழி நின்றுவிட, முன்னே பின்னே போகத் தெரியாமல் சேற்றில் தரைதட்டி நின்றிருக்கிறாள். சொன்னபடி இறங்காமல், கத்தாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏம்மா கத்துனே?" என்பதுதான் அவள் முதலில் கேட்டது.

கரைக்கு வந்ததும் அக்காவின் காலைப் பிடிக்கப் போனேன். அவர் விலகிக்கொண்டார். "புள்ள வந்துருச்சுல்ல, விடுங்க" என்றார். மேலே பறவைகள் இன்னும் இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடி, "நாலு வருசமாக் காவல் காத்து இப்பத்தான் இங்கிட்டுக் கூடு வைக்குதுக" என்றார். அது எனக்குச் சொன்னது இல்லை. ஆனால் எனக்குத்தான். அவிழ்த்து வந்த ஏழு துண்டையும் என் கையில் கொடுத்தார். சேறும் ஈரமுமாக இருந்தன. வாங்கிக்கொண்டேன்.

மதுரைக்குப் போகும் பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவளும் விடச் சொல்லவில்லை.

"பயந்துட்டியா கண்ணு?" என்றேன்.

"மொதல்ல பயந்தேன். அப்பறம் இல்ல. அதான் நீ பாத்துட்டியே."

"எப்போ?"

"படகுல போறப்பத்தான். மரத்துக்கு நடுவால. நான் தட்டிட்டே கையத் தூக்குனேன். நீ என்னையவே பாத்தே. பாத்துச் சிரிச்சே. அப்பறம் திரும்பிட்டே. செரி, சுத்திட்டு வர்றாங்கன்னு தட்டறத நிறுத்திட்டு உக்காந்துட்டேன்."

எனக்கு அந்த இடைவெளி கண்ணில் இருந்தது. வேர், நிழல், சேறு. ஆரஞ்சு நிறமே அதில் இல்லை. நான் சிரிக்கவும் இல்லை. அந்த நேரத்தில் என் முகத்தில் சிரிப்பு வருமா?

"வெயிலுக்குக் கண்ணு கூசுச்சு கண்ணு. அதனால செரியாத் தெரியல" என்றேன்.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் வெயிலே இல்லையேம்மா" என்றாள்.