காய்ச்சல் காலத்தில் ஒரு வீட்டு வான்

அந்த மாசி மாதம் சுவிஸின் மலையூரான லா ஷோ-து-ஃபோனில் இருமாத ஆளில்லை. இங்கத்தைய ஆட்கள் கிறிப் என்று சொல்லும் சளிக்காய்ச்சல் ஐரோப்பா முழுக்கப் பரவிக்கொண்டிருப்பதாக ரேடியோ சொன்னது. ரேடியோ சொல்லாவிட்டாலும் எங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் வேலை செய்த மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், முள்ளுப் பூட்டும் எங்கள் பகுதியில், ஒவ்வொரு காலையும் இன்னொரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. மிஞ்சியிருந்த பெண்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டே பூதக்கண்ணாடிக்குள் குனிந்திருந்தார்கள். என் கணவர் முதலிலேயே விழுந்து, ஒரு கிழமை மல்லித்தண்ணியோடு கிடந்து எழும்பிவிட்டார். எனக்கு மட்டும் ஏனோ வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெனீவாவில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது.

பொம்பிளைப் பிள்ளை. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த அன்றே எனக்கு ரெலிபோன் எடுத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை.

"அக்கா, எப்ப வாறீங்கள்? இவருக்கு ரெண்டு நாள்தான் லீவு. பேந்து நான் தனிய."

அவளுடைய புருசன் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. அம்மா யாழ்ப்பாணத்தில், வர வழியில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூளை நான் எப்போதோ வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்து வைத்திருந்தேன். போவதுதான் பாக்கி.

"இப்ப போறது சரியில்லை," என்றார் இவர். "ரெயினில முழுக்க இருமுற சனம். அதுக்குள்ள இருந்து போட்டு, அவையின்ர ஒரேயொரு அறைக்குள்ள போய்ப் பச்சைப்பிள்ளையோட படுக்கப்போறீரோ?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் தெருவிலிருந்த டொக்ரரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் களைத்துப்போய் இருந்தார். வெளியே வாங்கில் இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள்.

"உங்கள் கணவருக்கு வந்து போய்விட்டது. அவருக்கு இந்த முறை திரும்ப வருவது அரிது," என்றார். "நீங்கள்தான் யோசிக்கவேண்டும். முதலில் சில நாள் வீட்டிலே இருங்கள். காய்ச்சல் வராவிட்டால் போகலாம். ரெயினில் போகாதீர்கள். அங்கே போனாலும் தனியாகப் படுங்கள்."

தனியாகப் படுப்பதென்றால் எங்கே? ஜெனீவாவில் ஹோட்டலில் அறை எடுக்கிற நிலையிலா நாங்கள் இருந்தோம்?

அடுத்த நாள் எங்கள் பகுதியில் வேலை செய்ய ஆள் போதாது என்று இரண்டு கிழமைக்கு மூடிவிட்டார்கள். உடுப்பு மாற்றும் அறையில் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டு, எங்கள் பகுதி மேலாளர் என்ன விசயம் என்று கேட்டார். அவர் இத்தாலிக்காரர். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் மனைவி பிள்ளைகளைத் தன் கம்பிங்-காரில், வீடுபோல அமைத்த வானில், ஏற்றிக்கொண்டு தென் இத்தாலிக்கு ஓடுகிறவர். என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையைத் தட்டினார்.

"அதற்கென்ன? என் வானைக் கொண்டுபோங்கள்! படுக்கை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஹீற்றர் இருக்கிறது. தங்கச்சி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருங்கள். யாருடைய மூச்சும் யாரிலும் படாது."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து இவரிடம் சொன்னேன். "பைத்தியமோ உமக்கு?" என்றார். "வெளியில முழங்கால் மட்டும் சினோப்பனி. இந்தக் குளிருக்குள்ள வானுக்குள்ள படுக்கிறதோ?"

ஆனாலும் பார்ப்பதில் நட்டமில்லை என்று அன்று பின்னேரமே போனோம். ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டிலில், வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்தில், கித்தான் போர்த்தபடி நின்றது வான். மண்ணிற வெள்ளை. இத்தாலிக்காரர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். இவர் ஏறினார். முதலில் ஒரு அலுமாரிக் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு அவரை இறக்க முடியவில்லை.

"இஞ்சரும், இதைப் பாரும்! மேசை மடிஞ்சு கட்டிலாகுது!" என்று உள்ளேயிருந்து கத்தினார். "இஞ்ச குளிர்ப்பெட்டி! இதுக்குக் கீழ சப்பாத்து வைக்கிறதுக்குக்கூட இடம் விட்டிருக்கிறாங்கள்!"

யாழ்ப்பாணத்தில் லொறி ஓடினவர். இங்கே வந்து திரும்பவும் பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தும், ஓட ஒரு வாகனமில்லாமல் இருந்தவர். ஸ்ரியறிங்கில் கையை வைத்துக்கொண்டு இருந்த அவருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. போகவேண்டும் என்று இனி நான் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் ஓமென்றதும் எனக்குப் பயம் பிடித்தது. ஜெனீவாவுக்குப் போக முதலில் நொஷாத்தல் பக்கம் இறங்குவதற்கு மலைக்கணவாயைத் தாண்டவேண்டும். அந்த நாட்களில் சுரங்கப்பாதை கிடையாது. வழியில் எனக்குக் காய்ச்சல் வந்தால்? ஹீற்றர் நின்றுபோனால்? அவர் ரோட்டு மப் வரைபடத்தைக் குசினி மேசையில் விரித்து விரலால் ஓடிக்கொண்டிருக்க, நான் "வேண்டாமப்பா, வசந்தம் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் "போவம்" என்பார், நான் "வேண்டாம்" என்பேன். ஒரு நாள் முன்னம் நாங்கள் சொன்னது அப்படியே தலைகீழ்.

கடைசியில் தங்கச்சியிடமே கேட்டோம். ரெலிபோனில் அவள் யோசிக்கவே இல்லை.

"வாங்கோ அக்கா. வீட்டுக்குள்ள வராட்டிலும் பரவாயில்லை. யன்னலாலையெண்டாலும் உங்கட முகத்தைப் பாக்கோணும்."

அதோடு முடிவாயிற்று.

டொக்ரரம்மா சொன்னபடி வீட்டிலே காத்திருந்தேன். காலையும் மாலையும் தேர்மோமீற்றரை வாயில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் பரீட்சை முடிவு பார்ப்பதுபோல இரசத்தைப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அரிசி, பருப்பு, உள்ளி, மிளகு, சரக்குத்தூள், புட்டுக்குழல், நாலு கம்பளி என்று எல்லாவற்றையும் ஏற்றினோம். தாங்கியில் தண்ணீர் உறைந்துவிடும் என்று பிளாஸ்ரிக் கான்களில் நிரப்பிக் காலடியில் வைத்தோம். இத்தாலிக்காரர் சில்லுகளுக்குச் சங்கிலி போட்டுக் காட்டி, இரண்டு கையாலும் வானத்தைக் கும்பிட்டு வழியனுப்பினார்.

கணவாயின் உச்சிக்கு வந்தபோது இவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மேலே கண் கூசும் வெயில். கீழே, நாங்கள் இறங்கவேண்டிய சமவெளி முழுவதையும் மூடிக்கொண்டு வெள்ளைப் பனிப்புகார் கடல் மாதிரிக் கிடந்தது. அதற்கு அப்பால் அல்ப்ஸ் மலை இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரைக்கும். இந்த நாட்டுக்கு வந்து அவ்வளவு காலத்தில் நாங்கள் வேலைக்கும் கடைக்கும் பொலிசுக்கந்தோருக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. "எங்கட வீட்டு யன்னலால பாக்கிறமாதிரி இருக்கு," என்றேன். இவர் சிரித்தார். "வீடுதானே!" அங்கேயே அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்துக் குடித்தோம். வீட்டை நிறுத்தின இடத்தில் தேத்தண்ணி குடிக்கலாம் என்ற எண்ணத்திலேயே எனக்குப் புல்லரித்தது.

பிறகு புகாருக்குள் இறங்கி, வாவிக்கரையோடு ஊர்ந்து, மத்தியானம் திரும்பி நெடுநேரத்துக்குப் பிறகு ஜெனீவா போய்ச் சேர்ந்தோம். தங்கச்சி இருந்த மாடிக்கட்டடத்தின் முற்றத்தில் வானை விட்டுவிட்டு ஹோர்ன் அடித்தார். இரண்டாம் மாடி யன்னல் திறந்தது. நான் கையை ஆட்டத் தொடங்கிவிட்டேன். அவள் ஆட்டவில்லை.

"அக்கா, மேல வராதைங்கோ! இவருக்குக் காய்ச்சல்! விடியத்தான் தொடங்கினது!"

நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோமோ என்று இத்தனை நாளும் பயந்தோம். அது எங்களுக்கு முதலே அங்கே போய்க் குந்திவிட்டது. ஒரு அறைக்குள் காய்ச்சல்காரன், பிள்ளை பெற்றவள், பச்சைப்பிள்ளை.

இவர்தான் முதலில் பேசினார். வானையும் பார்த்தார், மேலேயும் பார்த்தார்.

"தங்கச்சி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ இறங்கும். நீரும் அக்காவும் வானுக்குள்ள. நான் மேல போய் அவரைப் பாக்கிறன். எனக்கு வந்து போட்டுது."

அவள் பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டாள். தாதி ஒருவர் எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறார். வான் சூடாக இருக்குமா, காற்று வருமா, பால் கொடுக்கிறாரா என்று கேட்டுவிட்டு, "இதைவிட நல்ல யோசனை எனக்கு வராது" என்றாராம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கல் அம்மா, உடுப்புத் தோய்க்கும் அறையிலிருந்து நீள வயர் இழுத்து மின்சார ஹீற்றரும் தந்தார். காஸ் ஹீற்றரைத் தொடவேண்டாம் என்று எனக்கு விரலை ஆட்டிச் சொன்னார்.

கம்பளிப் பொதியாகத் தங்கச்சி படியிறங்கி வந்தாள். வானுக்குள் ஏறி, கதவைச் சாத்தி, பொதியை விரித்தபோதுதான் முதன்முதலாகப் பெறாமகளைக் கண்டேன். கறுத்த அடர்ந்த தலைமயிர். கொட்டாவி விட்டாள். மூக்கு வாயெல்லாம் துணியால் கட்டிக்கொண்டு நான் அழுதேன். துணி நனைந்து, வேறு துணி மாற்றவேண்டியிருந்தது.

அப்படித் தொடங்கியது எங்கள் வான் குடித்தனம். மடிந்து கட்டிலாகும் மேசையில் தாயும் பிள்ளையும். சாரதி ஆசனத்துக்கு மேலே இருந்த தட்டில் நான். காலையில் சரக்குக்கறி கொதிக்க, உள்ளியும் மிளகும் முற்றம் முழுக்க மணக்கும். பக்கத்து வீட்டு வயோதிபர் ஒருவர் நாயோடு வந்து, மூக்கை உயர்த்தி, என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போவார். சாப்பாட்டை வாளியில் வைப்பேன். மேலேயிருந்து இவர் கயிற்றால் இழுத்து எடுப்பார். ஒவ்வொரு மத்தியானமும் அந்த வாளி ஏறுவதைப் பார்க்க எதிர்க்கட்டட யன்னல்கள் திறந்தன. ஒரு நாள் ரசம் தளும்பி என் தலையில் ஊற்ற, யாரோ கைதட்டினார்கள்.

தங்கச்சியின் புருசன் போர்வையைச் சுற்றிக்கொண்டு யன்னலுக்கு வருவான். அவள் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள்.

"கண் முழிச்சிருக்கிறாளோ?"

"ஓம், உங்களைத்தான் பாக்கிறாள்."

"பொய் சொல்லாதை. அவளுக்கு இவ்வளவு தூரம் தெரியாது."

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு பெரிய லொறி முற்றத்துக்குள் வந்து நின்றது. கட்டடத்துக்குச் சூடேற்றும் எண்ணெய். அதை ஊற்றுகிற வாய் சரியாக எங்கள் வானுக்கு அடியில். வானை நகர்த்தவேண்டும்.

"சாவியைத் தாருங்கள், நானே எடுக்கிறேன்," என்ற லொறிக்காரர் அடுத்த நிமிடமே முழங்கைக்குள் பெரிதாகத் தும்மினார்.

"வேண்டாம்! அந்தாளை ஏத்தாதைங்கோ!" என்று தங்கச்சி பிள்ளையை அணைத்துக்கொண்டு இறங்கி முற்றத்து மூலைக்குப் போய்விட்டாள். மேலே யன்னலில் இவர். "நான் வாறன்" என்றார். "அத்தான், நீங்களும் ஏறக்கூடாது! முழு நாளும் அவரோட இருக்கிறீங்கள்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பிறவியில் ஸ்ரியறிங் பிடித்ததில்லை.

"நீரே எடும்," என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. "இடக்காலால கிளச்சை மிதியும். முழுக்க! இப்ப திறப்பைத் திருப்பும். கியர் ஒண்டு. காலை மெல்ல எடும்... மெல்ல எண்டெல்லோ சொன்னனான்!"

வான் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. உள்ளே சட்டிகள் உருண்டன. வயரைக் கழற்ற மறந்துவிட்டோம் என்று போர்த்துக்கல் அம்மா கத்திக்கொண்டு ஓடிவந்து கழற்றினார். இரண்டாம் தடவையும் நின்றது. மூன்றாம் தடவை, ஐயோ, அது நகர்ந்தது! நான் கத்தினேன். அவ்வளவு பெரிய வீடு, அடுப்பும் கட்டிலும் சரக்குத்தூளுமாக, என் காலுக்குக் கீழே உருண்டு போனது. குப்பைத்தொட்டிகளுக்கு முன்னால் பிறேக்கை மிதித்து நிறுத்தியபோது, எதிர்க்கட்டட யன்னல்களெல்லாம் கைதட்டின. இவர் பாதி உடம்பை யன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு சிரித்தார். இன்னொருக்கால் செய்யச் சொன்னால் அந்த நிமிடமே செய்திருப்பேன்.

அந்த வருடமே நான் வாகனம் ஓடப் பழகினேன். அதற்கு முதல், பங்குனியில், எல்லாரும் எழும்பி நடமாடிய பிறகு, கிறிப் என்னையும் ஒரு கிழமை படுக்கையில் போட்டது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளைக்கும் தங்கச்சிக்கும் ஒன்றும் வரவில்லை.

நாங்கள் ஜெனீவா முற்றத்தில் இருந்தபோதே, தனக்குக் காய்ச்சல் விட்டும் சில நாள் பொறுத்து, ஆஸ்பத்திரியில் கேட்டு, அதற்குப் பிறகுதான் தங்கச்சியின் புருசன் கீழே இறங்கினான். மெலிந்து போயிருந்தான். வானின் படியில் குந்தியிருந்து கையை நீட்டினான். பிள்ளையை வாங்கி மடியில் ஏந்திக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, பாரமாயிட்டாள்," என்றான்.

அன்று புகார் விலகியிருந்தது. நாங்கள் அடுத்த நாள் திரும்பவேண்டும். இவர் திறப்பை எடுத்துக்கொண்டு, "எல்லாரும் ஏறுங்கோ, ஒரு சுத்து சுத்தியிட்டு வருவம்," என்றார். பிள்ளையைத் தாய் மடியில் இறுக்கிக் கட்டி, வாவிக்கரை வீதியால் மெதுவாகப் போனோம். தண்ணீர் நீலமாக மினுங்கியது. ஒரு திருப்பத்தில் நிறுத்தி, சுடச்சுடப் புட்டு அவித்தேன். தங்கச்சியின் புருசன் நோய்க்குப் பிறகு முதன்முதலாக வயிறு நிரம்பச் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே இவர் மப்பை விரித்தார்.

"கோடைக்குத் தெற்குப் பக்கம் லுகானோவுக்குப் போவமோ?"

"பிள்ளைக்குச் சூடு கூடிப்போகும்," என்றாள் தங்கச்சி. "மலைக்குப் போவம் அத்தான்."

"வான் ஆரின்ர எண்டு நினைச்சுக் கதைக்கிறீங்கள்?" என்று கேட்டேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. மப்பின்மேல் நாலு விரல்கள் நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன.