ஸ்டெல்லா அக்கா கொடுத்த ஊடு

செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. அவரவர் கணினியிலிருந்து ஒரே சர்வருக்குள் நுழைந்து நான்கு பேர் இருந்தோம். நால்வரின் கறுப்புத் திரையிலும் ஒரே வரி வந்து விழுந்தது: "ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்க." டெங்கு. அனுப்பியது ரேவதி, கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் அக்காவுடன் தரப் பரிசோதனையில் நின்றவள். அந்தச் செய்தியைச் சுமந்து வந்ததும் அக்காவின் சர்வர்தான்.

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பழக ஒரு ஷெல் கணக்கு வேண்டும். எங்கோ ஓடும் கணினியில் நமக்கென்று ஓர் இடம்; அதில் கட்டளை தட்டிப் பழகலாம். இலவசம் என்ற தளங்களில் எல்லாம் அக்கா விண்ணப்பித்தார். ஒன்று கிரெடிட் கார்டு கேட்டது. ஒன்று எந்தக் கல்லூரி என்றது. ஒன்று பதிலே போடவில்லை.

"ரூம் கேட்டா 'நீங்க இன்னா ஆளுங்க'ன்றான். இவன் 'இன்னா காலேஜு'ன்றான். இன்னாடா வித்தியாசம்?" என்றார். பொன்னேரியில் பழைய கணினி ஒன்றை வாங்கித் தன் வாடகை அறையில் சர்வராக்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் கணக்கு கொடுத்தார்.

பயனர்களின் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு யூனிக்ஸில் 'ஹோம்' என்று பெயர். அக்கா அதை, வீட்டை நாங்கள் சொல்வதுபோலவே, 'ஊடு' என்று மாற்றினார். நான் டிப்ளமோ படித்தவன், சண்டைக்குப் போனேன்.

"'ஹோம்'னு தேடுற நாலு புரோகிராம் உடையும்க்கா."

"உடைஞ்சா ஒட்டு. அதுக்குத்தான நைனா படிச்ச?"

ஒட்டினேன்.

அடக்கம் முடிந்த அன்றே, நானும் ரேவதியும் அக்காவின் அறையில் இருந்தபோது, அறையின் சொந்தக்காரர் வந்தார். "ஞாயித்துக்கெழம ரூமு காலியாவணும். அந்த டப்பாவ எடைக்குப் போட்டுடுங்க."

"அது டப்பா இல்லீங்க. நாப்பது பேரு ஊடு" என்றேன்.

"நாப்பது பேரா? ஒரு ஆளுக்குத்தான உட்டேன்!" என்று பதறிக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ரேவதி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அக்கா போனார், சர்வரும் போய்விடும் என்று, இதில் கணக்கு வைத்திருக்கும் உங்களில் சிலர் கோப்புகளை இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். கணக்கு கேட்டு வந்தவர்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உள்ள இன்னா பேருல இருக்கப் போற?" அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இனிச் செய்யப்போவது:

1. சனிக்கிழமை சர்வர் செவ்வாப்பேட்டைக்கு, என் அறைக்கு வரும். வண்டி சொல்லியாயிற்று.
2. 'ஊடு' அப்படியே இருக்கும். எது உடைந்தாலும் ஒட்டுவேன்.
3. அக்காவின் கணக்கை அழிக்க மாட்டேன். யாரும் கேட்கவும் வேண்டாம்.
4. அந்த அறைச் சொந்தக்காரர் வந்து கேட்டாலும் ஒரு ஊடு கொடுப்பேன். 'நீங்க இன்னா ஆளுங்க' என்று கேட்க மாட்டேன்.