இலாரியோ மறுபடி பஸ் ஓட்டிய கதை

எல் சால்வடோரில், மலையிலிருந்து கடற்கரை வரைக்கும் பஸ் ஓட்டியவர் இலாரியோ. அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்கு வந்தபின் இறைச்சி ஆலையில் மாட்டுத் தொடை வெட்டிக்கொண்டிருந்தார். குளிரில் விரல்கள் மரத்துப்போகும். தூக்கத்தில் மட்டும் வலது கால் பிரேக்கைத் தேடி மிதிக்கும்.

அந்த ஊர்க் கல்லூரியில் ஓட்டுநர் வகுப்பு இருந்தது. வேலை நேரத்தில், முழுக்க ஆங்கிலத்தில். முதல் நாளே எழுந்து வந்துவிட்டார். பிறகுதான் சொராய்டா என்ற பெண், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு பழைய பஸ்ஸை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வகுப்பு ஆரம்பித்தாள். பாடம் ஸ்பானிய மொழியில். பிள்ளைகளையும் கூட்டி வரலாம். நடுவே சுடச்சுட புபுசா ரொட்டி.

தேர்வு மட்டும் ஆங்கிலத்தில்தான். பஸ்ஸைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லிக் காட்டவேண்டும். இலாரியோவுக்கு நாக்கு எழும்பவில்லை.

“இலாரியோ ஐயா, உங்க ஊர்ல கண்டக்டர் ஸ்டாப்பு பேரையெல்லாம் எப்படிக் கூவுவான்?” என்று கேட்டாள் சொராய்டா.

“அது எதுக்கும்மா இங்க?”

“கூவுங்களேன், கேப்போம்.”

மூச்சு விடாமல் கூவினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

“அதே ராகத்துல இப்ப டயரு, லைட்டு, பிரேக்கு, கண்ணாடின்னு கூவுங்க!”

தேர்வன்று பாதியிலேயே அவரை அறியாமல் குரல் ஏறிவிட்டது. அதிகாரி அம்மாள் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனாள். பிறகு சிரித்துக்கொண்டே தேறிவிட்டதாகச் சொன்னாள்.

இப்போது அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஆலையில் கிடைத்ததைவிடக் கூலி கூடுதல். சோள வயல்களுக்கு நடுவே சாலை ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகிறது. எவ்வளவு தூரம் போனாலும் கடல் தெரிவதில்லை.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் ஊரிலிருக்கும் மனைவி எல்வீராவை போனில் கூப்பிடுவார். அவளுக்கு இன்னும் விசா வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் தினமும் அவருடைய பஸ்ஸில்தான் சந்தைக்குப் போவாள். இறங்கவேண்டிய இடம் தாண்டிய பிறகும் இறங்கமாட்டாள்.

“பஸ்ஸைக் காட்டுய்யா, பாப்போம்” என்றாள் ஒரு நாள்.

போனைத் திருப்பிக் காட்டினார்.

“அடேயப்பா, அம்புட்டு சீட்டும் காலியா கிடக்கு! ஒருத்திக்கு இடமில்லன்னு எவன்யா சொன்னது?”

இலாரியோ சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “சாயங்காலம் பேசுறேன்” என்று வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துப் பின்வரிசையிலிருந்து கூட்டத் தொடங்கினார்.