முயலுக்கு இது காணும்

எங்கள் அண்ணா வவுனியாவில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஆறு வருடம் கழித்து தங்கச்சியாக நான் பிறந்தபோது, தொட்டிலை எட்டிப் பார்த்து, "இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?" என்று கேட்டாராம். அவர் எனக்கு மட்டும் உரியவர் என்ற எண்ணத்தோடுதான் நான் வளர்ந்தேன். அதனால் பட்ட எரிச்சலையும் இந்த நினைவுமலரில் மறைக்காமல் எழுதுகிறேன்.

போர் எங்களை ஊர் ஊராகத் துரத்தியது. முதலில் மெல்பேர்ண் வந்த அண்ணா, தொழிற்சாலையில் இரவு பகலாக உழைத்து அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். ரோவில் என்ற புறநகரில் வீடு வாங்கினார். அங்கேதான் அண்ணியைக் கைப்பிடித்தார். உதவி என்று வந்த ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

வேலைத்தல நண்பர் ஒருவர் அவருக்குத் துப்பாக்கி வேட்டையைப் பழக்கினார். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவர், இஞ்சை கடையிலை துவக்கு வாங்கிறார்" என்று உறவினர் பகிடி பண்ணினார்கள்.

"பயந்தவனுக்குத்தான் அதின்ரை பலம் தெரியும்" என்பார் அண்ணா.

அவரிடம் மூன்று துவக்குகள் இருந்தன. முயலுக்கு இருபத்திரண்டு, காட்டாட்டுக்கு இருநூற்று நாற்பத்துமூன்று, மரை என்ற பெரிய மானுக்கு முன்னூற்றெட்டு. எல்லாம் ரவையின், அதாவது குண்டின், பருமனைச் சொல்லும் எண்கள். எந்த மிருகத்துக்கு எது காணும், எது போதும் என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. சின்ன ரவை பட்ட மரை உடனே சாகாது, காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் கிடந்து வதைபடும். அது பாவம் என்பார். பெரிய ரவை முயலைச் சிதறடிக்கும்; அது வீண் என்பார்.

நானும் அனுமதிப்பத்திரம் எடுத்தேன். ஆனால் மரைக்கு மலையேறும்போது அண்ணியின் தம்பி சுதனைத்தான் கூட்டிப்போவார். மூன்று நாள் இருவரும் கூடாரத்தில் தங்குவார்கள். எனக்கு எப்போதும் முயல்தான். ஒருநாள் நான் முன்னூற்றெட்டைக் கையில் எடுத்தேன். அண்ணா அதை வாங்கி வைத்துவிட்டு, சின்னதை நீட்டினார்.

"உனக்கு இது காணும்."

அந்தச் சொல் பல வருடம் என்னைக் குத்தியது. சுதனைக் கண்டாலே வயிறு எரிந்தது. அவன் ஒருமுறை முன்னூற்றெட்டால் முயலைச் சுட்டான். செவி மட்டும் மிஞ்சியது. அந்தக் கதையை நான் சொல்லாத கலியாண வீடு இல்லை.

போன வருடம் அண்ணாவின் நுரையீரலில் புற்றுநோய் கண்டது. வலியை முகத்தில் காட்டாமலே இருந்து, ஒரு காலையில் அமைதியாகக் கண் மூடினார்.

ஈமக்கிரியைகள் முடிந்தபின், துவக்குகளை யார் பெயருக்கு மாற்றுவது என்று பேச சுதன் வந்தான். பேச்சோடு பேச்சாக, மலையில் அண்ணா அவனிடம் என்னவெல்லாம் சொன்னார் என்று கேட்டேன். கேட்கும்போதே பொறாமைதான்.

"என்னத்தை அக்கா சொன்னவர்? கதைச்சா மரை ஓடிடும் எண்டு மூண்டு நாளும் வாய் திறக்க விடமாட்டார். உங்களோடை முயலுக்குப் போட்டு வந்தா, தங்கச்சி இப்பிடிச் சொன்னவள், அப்பிடிச் சொன்னவள் எண்டு ஒரு கிழமைக்கு அதே கதை. எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமோ?"

முயல் வேட்டையில் நாங்கள் முயல் கொண்டுவந்த நாட்கள் குறைவு. பிளாஸ்கில் தேநீரும் என் வாயும்தான் ஓயாமல் இருக்கும். என் சத்தத்துக்கு முயல்கள் ஓட, அண்ணா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

அண்ணாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அன்ரிமார், நகரின் மறுகோடியான கிரெய்கிபர்னிலிருந்து நாள்தோறும் வந்து நின்ற உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி மாதங்களில் அண்ணாவைத் தூக்கித் தூக்கிக் காரில் ஏற்றியவன் சுதன். அவனுக்கும் நன்றி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

துவக்குகளைப் பற்றிப் பேச வந்த அன்று, புறப்படும்போது அவன் வாசலில் நின்று, "முன்னூற்றெட்டை நீங்கள் வைச்சிருங்கோ அக்கா" என்றான்.

"வேண்டாம், அதை நீ கொண்டு போ. எனக்குச் சின்னது காணும்."