ஐந்தாவது நாற்காலி

பேராசிரியரின் கண்ணாடி அவர் சட்டைப் பைக்குள்தான் இருக்கும். அதன் கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும். ஆனாலும் என்னிடம் வந்து, "கண்ணாடிய எங்கயோ விட்டுட்டேம்மா. அந்த லிஸ்ட்ட குடுங்க, சரியா வாசிக்கிறேனான்னு பாருங்க" என்பார். நேர்முகத் தேர்வுக்கு வந்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் அது, இங்கிலீஷில் இருக்கும். ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிதானமாக வாசிப்பார். பிறகு பென்சிலை எடுத்து, "எனக்கே மறந்துடும்" என்று சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே தமிழில் எழுதிவைப்பார். கண்ணாடி இல்லாமல் எப்படி வாசித்தார் என்று நான் கேட்டதில்லை. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா என்று அவரும் கேட்டதில்லை. எனக்கு முன்னால் தேர்வு அறைக் கதவருகே நின்றவளை, பெயரைத் தப்பாகக் கூப்பிட்டதற்காகத்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அது அவருக்குத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவியாளர் வேலை. ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும் நாட்களில் கூட்ட அறையைத் துடைத்து, ஐந்து நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, டீ கொண்டுபோய்க் கொடுத்து, வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பவேண்டும்.

அவர் மண் பற்றிப் படித்த பேராசிரியர். ஒல்லியான ஆள். நடக்கும்போது தரையையே பார்த்து நடப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் மண். அதனால் அவருடைய வெள்ளைச் சட்டைகள் அத்தனையிலும் பைக்கு அடியில் ஒரு காவிக் கறை உண்டு. பேசிக்கொண்டே இருப்பார், கை தானாக ஒரு பொட்டலத்தைப் பிரிக்கும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மண்ணை விரலிடுக்கில் நாடாவைப் போல நீட்டிப் பார்ப்பார். அறுந்தால் ஒரு தலையாட்டல், அறாமல் நீண்டால் வேறொரு தலையாட்டல். ஜன்னலோரம் நான் வைத்திருந்த தொட்டிச் செடியை ஒருநாள் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி ஜாஸ்திம்மா. பாசத்துல கொல்றீங்க" என்றார். அதற்குப் பிறகு அது நன்றாக வளர்ந்தது.

மண் பேராசிரியருக்கு இயந்திரத் துறையில் என்ன வேலை, ரசாயனத் துறையில் என்ன வேலை என்று கேட்கலாம். விதி ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் உட்கார்ந்து பழக்கமில்லாத சனங்களிலிருந்து ஒருவராவது தேர்வுக் குழுவில் இருந்தாகவேண்டும். இருநூறு பேராசிரியர்களுக்கு மேல் உள்ள இடத்தில் அப்படிப்பட்டவர்கள் மூன்றே பேர். ஒருவர் வெளிநாடு போய்விட்டார். இன்னொரு அம்மா உடம்பு முடியாமல் நீண்ட விடுப்பில் இருந்தார். மிச்சம் இவர். அதனால் எந்தத் துறைக்கு ஆள் எடுத்தாலும் இவரைக் கூப்பிடுவார்கள். நானும் அந்தச் சனம்தான். எங்கள் ஆட்கள் அந்தக் கட்டிடத்தில் நிறையப் பேர் உண்டு, துடைப்பத்தோடும் தட்டோடும்.

அவர் உட்காருவது எப்போதும் ஓரத்தில் இருக்கும் ஐந்தாவது நாற்காலி. வாசல் காவலாளிதான் அந்தப் பட்டப்பெயரை வைத்தான். "அக்கா, அஞ்சாவது நாற்காலி வருது, தொடச்சு வைங்க" என்று ஒருநாள் சத்தமாகவே சொல்லிவிட்டான். திரும்பிப் பார்த்தால் இவர் படியேறிக்கொண்டிருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. இவர் நின்று, "நல்லாவே தொடைங்கம்மா. மண்ணுக்காரன் உக்கார்ற எடம்" என்றார். காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அதுல எனக்கு வேலையும் கம்மிதான் தம்பி. காலைல வணக்கம் சொல்லணும், சாயங்காலம் கையெழுத்து எங்கன்னு கேக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

கூட்ட நாட்களில் அவர் எதுவும் சாப்பிடமாட்டார். டீ, பிஸ்கட், மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருக்கும். தண்ணீர்கூடத் தன் பாட்டிலில்தான். நான் வாரம் ஒருநாள் உபவாசம் இருந்து ஜெபிக்கிறவள். என்னைப் போல ஒருவர் என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். "இன்னிக்கு விரதமா சார்?" என்று கேட்டேன். "அப்படித்தாம்மா வச்சுக்கணும்" என்றார். அன்றிலிருந்து என் பிரார்த்தனையில் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. கதவுக்கு மேலே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு பெரிய கடிகாரங்கள். ஒருவர் உள்ளே போனதும் மணி பார்த்து அவர் பெயருக்கு நேரே எழுதுவேன், வெளியே வந்ததும் எழுதுவேன். கேண்டீனில் அடுத்த டீ எப்போது சொல்லவேண்டும் என்று தெரிவதற்காகத் தொடங்கியது. போகப்போக அதில் வேறொன்றும் தெரிய ஆரம்பித்தது. எடுக்கப் போகிற ஆள் உள்ளே இருந்தால் இரண்டாவது டீ போகும், சிரிப்புச் சத்தம் கேட்கும். எடுக்காத ஆள் என்றால் முதல் டீ ஆறுவதற்குள் கதவு திறந்துவிடும். முடிவு வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொன்னதில்லை. பென்சிலில் அவர் எழுதிய தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் என் எண்கள் இருக்கும். அதைப் பார்த்து, "ரயில்வே ஸ்டேஷன் தோத்துடும்மா உங்ககிட்ட" என்று அவர் சொல்வார்.

நான் வேலை பார்த்த துறையில் எங்களைப் போன்றவர்களுக்காக ஒதுக்கிய ஆசிரியர் இடம் ஒன்று பதினோரு வருடமாகக் காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் ஆட்கள் வருவார்கள், குழு உட்காரும், 'தகுந்தவர் இல்லை' என்று எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்த இடத்தின் பாடங்களையெல்லாம் ஏழு வருடமாக நடத்திக்கொண்டிருந்தது ஒரு பெண். நிரந்தரம் இல்லாததால் பசங்க முதல் ஆபீஸ் வரை எல்லாரும் டெம்பரவரி மேடம் என்பார்கள். டாக்டர் பட்டம் வாங்கியது. வகுப்பு முடிந்து அரை மணி நேரம் பசங்க விடாமல் சுற்றி நிற்பார்கள். மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடும். "அக்கா, இதுதான் கடைசி. வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. இதுக்கப்புறம் விண்ணப்பமே போட முடியாது" என்றது. நேர்முகத் தேர்வு நாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அந்த நாளில் இரண்டு இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். காலையில் பொது இடத்துக்கு நான்கு பேர், ஒவ்வொருவரும் முக்கால் மணி நேரம். ஒருவர் உள்ளே இருந்தபோது மட்டும் இரண்டாவது டீயும் போயிற்று. சாயங்காலம் ஒதுக்கிய இடத்துக்கு மூன்று பேர். டெம்பரவரி மேடம் கடைசி. நாலு பத்துக்கு உள்ளே போனது. நான் தட்டை எடுத்துக்கொண்டு கேண்டீன் போய்த் திரும்புவதற்குள் வெளியே நிற்கிறது. நாலு பதினாறு. எழுதினேன்.

"என்ன தங்கச்சி, அதுக்குள்ள?"

"எந்த ஊருன்னு கேட்டாங்கக்கா. அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்." பையை மாட்டிக்கொண்டது. "ஓரத்துல இருந்த சார் மட்டும் தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டார்."

பொது இடம் நிரம்பியது. ஒதுக்கிய இடத்துக்குத் தகுந்தவர் இல்லை. ஒவ்வொருவரிடமும் முப்பது நிமிடம் கேள்வி கேட்டோம், பதில்கள் திருப்தி இல்லை என்று எழுதி ஐந்து கையெழுத்து. அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்து புகார் கொடுத்தது. முப்பது நிமிடம் பொய், என்னை உட்காரவைத்துப் பாடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று எழுதியது.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதே அறை, குழுவில் இருந்த அதே ஐந்து பேர், அதே ஐந்து நாற்காலி, நான்தான் துடைத்துப் போட்டேன். என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் துறைத் தலைவர் நடையில் என்னை நிறுத்தி, "உன் கான்ட்ராக்ட் இந்த மாசம் புதுப்பிக்கணும்ல? ஆபீஸ்ல ஞாபகப்படுத்து" என்றார். மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

அதிகாரி நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார். "அந்தப் பொண்ண உள்ள அனுப்பினது நீங்கதானே? எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

நான் மணி எழுதிய அன்றைய பட்டியல் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. புத்தகம் பைக்குள், பை மடிமேல்.

"எனக்கு மணி பாக்கத் தெரியாதுங்க சார்" என்றேன்.

அதிகாரி தலையாட்டிக்கொண்டு எழுதினார். படிக்காதவள் சொன்னதை நம்புவது எவ்வளவு சுலபம். ஐந்தாவது நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அங்கேதான் கண் போயிற்று. உடனே குனிந்துகொண்டேன். அதிகாரி அவரிடம், "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, பிரிக்காமல், திரும்ப வைத்தார்.

புகார் தள்ளுபடி ஆயிற்று. அந்தப் பெண் தன் புத்தகங்களை இரண்டு அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனது. "வரேன்க்கா" என்றது. ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. இப்போது வேறு ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறது. எனக்கு இரண்டு மாதம் ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் நாலு பதினாறுதான் தெரிந்தது.

ஒருநாள் நான் டீ கோப்பை கழுவும் சின்ன அறைக்குப் பேராசிரியர் வந்தார். அதுவரை வந்ததில்லை. சுவரில் சாய்ந்து நின்றார்.

"அது விரதம் இல்லம்மா" என்றார். "அந்த மேசையில வச்சது எனக்கு எறங்காது. ஆரம்பத்துல ஒரு தடவ கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னேன். என் லேப்புக்கு ரெண்டு வருஷம் தண்ணி கனெக்‌ஷன் வரல. தண்ணியில்லாம மண்ண வச்சுக்கிட்டு என்ன பண்றது? என் பசங்க ரெண்டு பேரு படிப்பையே விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் போட ஆரம்பிச்சேன். மொதல்ல கை நடுங்குச்சு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் ஜெபப் புத்தகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அவர் பென்சிலில் எழுதிய அந்தப் பெண்ணின் பெயரையும் பக்கத்தில் என் எண்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"இது வேணாம். இத வெளிய எடுத்தா உங்க வேல போயிடும். அங்க உக்காந்திருந்தது நான். நான்தான் கடிகாரம் பாத்தேன்னு எழுதிக்கிறேன்."

விசாரணை அதிகாரிக்கு அப்படியே எழுதினார். அந்தப் பெண் உள்ளே இருந்தது ஆறு நிமிடம், முப்பது என்று தெரிந்தே பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன், இதற்கு முன்னாலும் இப்படிப் போட்டிருக்கிறேன் என்று மூன்று பக்கம். கடிதத்தில் என் பேச்சே இல்லை. தட்டச்சு செய்த ஆபீஸ் பையன்தான் சொன்னான். நான்கு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: விஷயம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரை எந்தக் குழுவுக்கும் கூப்பிடவில்லை. நீண்ட விடுப்பிலிருந்து திரும்பிய அம்மாவை ஐந்தாவது நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒதுக்கிய அந்த ஆசிரியர் இடம் இன்னும் காலி.

அவர் ஓய்வு பெற்ற நாளில் விழா எதுவும் வைக்கவில்லை. லேப் சாவியை ஒப்படைத்துவிட்டு, ஒரு துணிப்பை நிறைய மண் பொட்டலங்களோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"செடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்." பிறகு நானே சொன்னேன். "அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன் சார். கடவுள் முன்னாடி நின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"நானும்தாம்மா. நீங்க வாயால சொன்னீங்க, நான் பேனாவால. உண்மையச் சொல்லியிருந்தா உங்களுக்குச் சம்பளம் போயிருக்கும். எனக்கு என்ன போயிருக்கும்?" தரையைப் பார்த்தார். "எனக்கு எங்கிட்டயே வெக்கமா இருக்கு."

டீ வேண்டுமா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. பையைத் தோளில் மாற்றிக்கொண்டு கிளம்பினார். படி வரை போனவர் நின்று, திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஆறு நிமிஷம்மா. யாராவது கேட்டா சொல்லுங்க."

இரண்டு படி இறங்கிவிட்டு, திரும்பாமலேயே சொன்னார்: "கேக்கலன்னாலும் சொல்லுங்க."